மழையில்லாமல் பெருகிய ஆறு

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

தாங்கள் யாரென்று அறியாமலே இதை எழுதத் தொடங்குகிறேன். எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் அங்கத்தவர்கள் தத்தம் வாழ்க்கை நினைவுகளை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் விமானத்தில் வந்து இறங்கிய நாளையும், முதன்முதலில் பனி பெய்யக் கண்டதையும் எழுதினார்கள். எனக்கு எழுதுவதற்கு ஒரே ஒரு விடயந்தான் உண்டு. அது ஓர் ஆற்றைப் பற்றியது. அந்த ஆற்றைக் குறித்து நான் சொன்ன ஒரு பொய்யினால், என் நண்பர் ஒருவர் தம் வீட்டையும் தம் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பையும் இழந்ததைப் பற்றியது.

என்னை இங்கே பலரும் மாஸ்டர் என்று அழைப்பார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பித்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கும் வேலையும், பின்னர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலையும் செய்து ஓய்வு பெற்றேன். வேலையில்லாத நாள்களில் வீட்டுக்கு அண்மையிலிருந்த நூலகத்தில் புவியியல் நூல்களை அகராதியின் துணையோடு வாசித்தேன். எவரோ ஒருவர் வேடிக்கையாக மாஸ்டர் என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் விட்டதுதான் முதற்பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

புவியியலிலும் எனக்கு ஆறுகளின் மேல்தான் மோகம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மாரியில் சில வாரம் ஓடி மறைந்துவிடும் ஒரு வெள்ள வாய்க்காலை ஆறு என்று சொல்லிக்கொண்டோம், அவ்வளவே. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. காலையில் கிணறு நிரம்பியிருக்கும். தோட்டத்துக்கு இறைக்க இறைக்க, வெயில் ஏற ஏற, நீர்மட்டம் இறங்கும். பின்னேரத்தில் அடிக்கல் தெரியும். விடிவதற்குள் மறுபடி ஊறிவிடும். காலையில் நிறைவு, பின்னேரத்தில் குறைவு. இந்த ஒழுங்கு எங்கள் உடம்பிலேயே ஊறிப் போனது. இதைத் தாங்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

உலகத்து ஆறுகளுள் சிந்து நதியை நான் தேர்ந்துகொண்டேன். அது பாலைநிலத்தின் ஊடாக ஓடுகிறது என்பதே காரணம். மழையற்ற நாட்டில் ஓர் ஆறு எப்படி உயிரோடிருக்கிறது என்ற கேள்வி, ஆறற்ற நாட்டில் பிறந்த என்னை விடவில்லை. சுவர்த்தாளின் பின்புறத்தில் அந்நதியின் படத்தை வரைந்து என் வீட்டு நடைவழி முழுவதும் ஒட்டினேன். எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஓடும் என்பதையும் அதிலே குறித்தேன். மாதங்களைக் குறித்த நான், நாளின் மணிகளைக் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒன்றுகூடலில் ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவுக்குப் பின்னர் சிந்து நதியைப் பற்றி உரையாற்றினேன். முன்வரிசையில், தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட நண்பரான அந்த அண்ணை இருந்தார். தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் தனியே வசித்தவர், மனைவியை இழந்தவர், முப்பது வருடத்துக்கும் மேலாக லண்டன் வீதிகளில் பஸ் ஓட்டியவர். என்னிலும் மூன்று வயது மூத்தவர். உரை முடிந்து எல்லோரும் கை தட்டியபோது அவர் மட்டும் தட்டவில்லை.

"மாஸ்டர், நீர் உந்த ஆத்தைக் கண்ணால பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை."

"பாக்காமலே இவ்வளவு விளாசுறீர்! நான் ஓடாத ரூட்டுக்கு வழி சொல்லுறேல்லை, தெரியுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் சுருங்கியதை அவர் கண்டிருக்க வேண்டும். தேநீர் குடிக்கும்போது அருகில் வந்து என் தோளில் தட்டினார்.

"கோவியாதையும். வெளிக்கிடும், ரெண்டு பேரும் போய்ப் பாப்பம். எனக்கும் வீட்டில என்ன, சுவரைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறன்."

அவ்வாறாக, மூன்று கோடைகளுக்கு முன், நாங்கள் இருவரும் டெல்லி வழியாக லடாக்கின் லே நகரத்துக்குச் சென்றோம்.

அந்த நாட்டின் அமைப்பை நான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் என் குற்றம் விளங்காது.

பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது. திபெத்து மேட்டுநிலத்தில் பிறந்த நதி வடமேற்காக அதனுள் நுழைகிறது. ஒருபுறம் லடாக் மலைத்தொடர், மறுபுறம் சான்ஸ்கார் மலைத்தொடர். மழைமேகங்கள் தெற்குச் சரிவிலேயே தம் பாரத்தை இறக்கிவிடுவதால் அங்கே வந்து சேர்வது வெறுங்காற்றே. எங்கள் ஊரில் கார்த்திகை மாதத்துப் பெருமழை ஒரே நாளில் கொட்டுவதை அந்த நாடு ஒரு வருடம் முழுவதும் காத்திருந்தாலும் பெறாது. மலைகளில் ஒரு மரமும் இல்லை. கபிலம், செம்மை, கடுகின் நிறம், சில இடங்களில் கத்தரிப்பூ நிறம். அதன் அடியில், சாம்பல் பச்சையாக, பருத்த ஒரு நீரோட்டம்.

நான் நூலிற் காணாத ஒன்றை அங்கே கண்டேன். ஊர்கள் அந்தப் பெருநதியை நம்பி வாழவில்லை. நதி பள்ளத்தில் ஓடுகிறது. ஊர் மேட்டில் இருக்கிறது. மலையுச்சியிலிருந்து இறங்கும் சிறு ஓடைகளை மறித்து, சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, வாற்கோதுமைக்கும் பாப்லார் மரங்களுக்கும் பாய்ச்சுகிறார்கள். வாய்க்காலுக்குக் கீழே பச்சை. வாய்க்காலுக்கு மேலே ஒரு புல்லும் இல்லை. கோடு கிழித்தாற்போல் இருக்கும். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "பஸ் லேன் போட்ட மாதிரிக் கிடக்கு" என்றார்.

ஓடைகள் பனியிலிருந்து வருகின்றன. பனி வெயிலில் உருகுகிறது. வெயில் பகலில் எறிக்கிறது. உருகிய நீர் இறங்கி வர நேரம் எடுக்கும். ஆகவே அந்த நாட்டு ஓடை விடியலில் மெலிந்திருந்து பிற்பகலில் பெருகும். மழையே வேண்டாம், வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வெள்ளம் வரும். இந்த நான்கு வரியையும் ஒரு சிறு பிள்ளை கோத்துவிடும். நான் கோக்கவில்லை. என் தலைக்குள் கிணறு இருந்தது.

நான்காம் நாள் காலையில் வாடகைக் காரில் ஒரு சாரதியோடு புறப்பட்டோம். ஓர் ஓடை பெருநதியோடு கலக்கும் இடத்தைக் காட்ட அவர் எங்களை அழைத்துச் சென்றார். ஓடைக்கு அப்பால் ஒரு கல்திட்டு இருந்தது. அதில் நின்றால் பழுப்பு நீர் பச்சை நீரோடு உடனே சேராமல் சற்றுத் தூரம் பக்கத்தில் பக்கமாக ஓடுவதைக் காணலாம். ஓடை கணுக்கால் அளவே. காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடந்தோம். கடக்குமுன் சாரதி தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதன் பிறகு தண்ணீர் பெரிது.

அப்பால் சென்றதும் நான் பையிலிருந்து படத்தை விரித்தேன். பன்னிரண்டு மணியானபோது அண்ணை எழுந்து நின்றார்.

"மாஸ்டர், நேரமாச்சு. போவம்."

"இருங்கோ அண்ணை. அவருக்குச் சாப்பாட்டு அவசரம். வெயில் ஏறினால் தண்ணி வத்துமே தவிர ஏறாது. பின்னேரம் இன்னும் லேசாக் கடக்கலாம்."

"டிரைவர் சொன்னாக் கேக்கவேணும். நானும் டிரைவர்தான். பயணி எப்பவும் தனக்குத்தான் ரூட் தெரியுமெண்டு நினைக்கிறவன்."

"அண்ணை, இருபது வருசமா நான் இதைப் படிக்கிறன்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரி, நீர்தானே மாஸ்டர்" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தார். அது கிண்டல் அன்று. நம்பித்தான் உட்கார்ந்தார்.

நாங்கள் கொண்டு வந்த பாண் துண்டுகளைத் தின்றோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். என் பேச்சைக் கேட்பதற்கு அத்தனை பெரிய நதிக்கரையில் ஒரு மனிதர் கிடைத்த மகிழ்ச்சியில், ஓடையின் ஓசை மாறியதை நான் கவனிக்கவில்லை. அண்ணைதான் கவனித்தார். தண்ணீருக்கு அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம். திரும்பிப் பார்த்தபோது ஓடை இரு மடங்கு அகலமாகி, தேநீர் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போயிற்று. மறுகரையில் சாரதி இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

எங்கள் திட்டு சுருங்கி வந்தது. நின்றுகொண்டிருக்க இயலாது என்று கண்டபின் இறங்கினோம். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன். இடுப்பளவு வந்தபோது என் கால் வழுக்கிற்று. நான் விழாமலிருக்க அவர் கையை விட்டேன். ஐயா, இதை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. கை தானாக நழுவவில்லை. நான் விட்டேன். நான் கரையேறினேன். அண்ணை உருண்டு போய், முப்பது நாற்பது அடி கீழே ஒரு பாறையில் தங்கினார். சாரதி பாய்ந்து அவரை இழுத்தெடுத்தார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் பனிநீரில் நனைந்த உடம்பு, மூச்சுக் குறைந்த உயரம். இரண்டு நாள் மருத்துவமனையில் ஒட்சிசன் வைத்திருந்தார்கள். காய்ச்சலில் தாம் ஒரு பஸ்ஸுக்குள் இருப்பதாக நினைத்து, இறங்கும் பயணிகளுக்கு வழி சொன்னார். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். அந்த இரண்டு நாளில் மருத்துவமனை வாசலில் வைத்துச் சாரதி எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். சினமின்றி, களைப்போடு. ஒவ்வொரு கோடையும் இப்படி யாராவது வருவார்களாம். ஆகவே, நான் அறியாமற் பொய் சொன்னேன் என்று தாங்கள் எனக்குச் சலுகை தரவேண்டாம். அறிந்த பின்னரே சொன்னேன்.

அண்ணையின் மகள் லண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மருந்தகமொன்றில் பணிபுரிபவர், லண்டனின் மறுகோடியான வால்தம்ஸ்டோவில் குடும்பத்தோடு இருப்பவர். தகப்பன்மேல் உயிரையே வைத்திருப்பவர்.

"அங்கிள், அப்பா ஏன் தண்ணிக்குள்ள இறங்கினவர்?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டிய விடை மூன்றே சொல். நான்தான் பிழை விட்டேன். அதற்குப் பதிலாக, "தெரியேல்லை பிள்ளை, திடீரெண்டு இறங்கிட்டார்" என்றேன்.

லண்டனுக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் அண்ணையின் வீட்டுச் சமையலறையில் மூவரும் இருந்தோம். மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணை மேசையில் விரலால் கோடு போட்டு நடந்ததைச் சொன்னார்.

"விடிய இங்க, கணுக்காலுக்கு. பின்னேரம் இங்க, இடுப்புக்கு. சொட்டு மழை இல்லை. வானம் நீலமாக் கிடந்தது."

"அப்பா, மழை பெய்யேல்லை எண்டா ஆறு எப்பிடி ஏறும்?"

"ஏறினதைச் சொல்லுறன் பிள்ளை. எனக்கென்ன விசரோ? உவர் இருக்கிறாரல்லோ, கேளன். மாஸ்டர், சொல்லும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகளின் கண்ணில் அச்சம் இருந்தது. அண்ணையின் கண்ணில் எந்த அச்சமும் இல்லை. சாட்சி பக்கத்திலேயே இருக்கும்போது அவர் ஏன் அஞ்சவேண்டும்? அந்த வாரமே ஒன்றுகூடலில் நதியை நேரிற் கண்டவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு ஏற்பாடாகியிருந்தது. நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"மழையில்லாமல் ஆறு பெருகாது" என்றேன். "அண்ணைக்கு அண்டைக்குக் கொஞ்சம் தடுமாற்றம். உயரம் அப்பிடித்தான் செய்யும்."

அவர் மேசையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு மெதுவாக, "நீரோ இதைச் சொல்லுறீர்?" என்று கேட்டார். மகள் அவர் தோளில் கை வைத்து, "பரவாயில்லை அப்பா" என்றார்.

பொன்னாடையைப் போர்த்திக்கொண்டேன். உரையின் முடிவில் ஒருவர், "அந்த அண்ணை விழுந்தவராமே, என்ன நடந்தது?" என்று கேட்டார். "பாவம், வயது" என்று விடையளித்தேன். வயது என்ற அந்த ஒரு சொல்தான். அது அவருக்கு முன்னரே தோர்ண்டன் ஹீத் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் அவர் மீன்கடையில் விலை பேசினாலும், பஸ் நிறுத்தத்தில் பகிடி விட்டாலும், கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

மகள் அவரை ஞாபகசக்தி பார்க்கும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். அங்கே வீட்டார் கண்ட மாற்றங்களைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனையில் பஸ்ஸுக்குள் இருப்பதாகப் பிதற்றியதையும், மழையில்லாத நாளில் ஆறு பெருகியது என்று மாதக்கணக்காகப் பிடிவாதம் பிடிப்பதையும், கூடப் போனவரே மறுத்ததையும் மகள் சொல்லியிருக்கிறார். நோய் என்று எவரும் முடிவாகக் கூறவில்லை. கவனமாக இருங்கள் என்றார்கள். அந்தக் கவனத்தில் முதலில் கார்ச் சாவி போயிற்று. பின்பு அடுப்பு மூட்டக் கூடாதென்றாயிற்று. கடைசியில் தோர்ண்டன் ஹீத் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வால்தம்ஸ்டோவில் மகள் வீட்டுச் சின்ன அறைக்கு அவரைக் கொண்டு போனார்கள். லண்டனின் குறுக்கும் நெடுக்கும் இரட்டைத் தட்டு பஸ் ஓட்டிய மனிதரின் கோட்டுப் பைக்குள் முகவரி எழுதிய ஒரு துண்டு வைக்கப்பட்டது. தெருமுனைக்குப் போகவும் துணை வேண்டும்.

மகளிலே குற்றம் இல்லை. நான் கொடுத்த செய்தியை வைத்துக்கொண்டு அன்புள்ள எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கும்.

இரண்டு வருடம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. தொலைபேசியில் நலம் விசாரித்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் ஆற்றைப் பற்றிக் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தம் எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சென்ற மாசியில் இரண்டு ரயில் ஏறி வால்தம்ஸ்டோவுக்குச் சென்றேன். அவர் ஜன்னலோரம் இருந்தார். மெலிந்திருந்தார். ஆனால் என்னைக் கண்டதும் பழைய குரல் வந்தது.

"வாரும் மாஸ்டர்! வழி தெரிஞ்சுதோ, இல்லாட்டி ஆத்தால வந்தனீரோ?"

நான் கதிரையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாரதி எச்சரித்ததை, அவர் திரும்பிப் போகலாம் என்றதை, நான் தடுத்ததை, பனி உருகி ஓடை பெருகியதை, சமையலறையில் நான் தெரிந்தே பொய் சொன்னதை. கையை விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. அது இந்தத் தாளில்தான் முதன்முதலில் வருகிறது.

அவர் கேட்டு முடித்துச் சிரித்தார். பிறகு என் முழங்கையைத் தடவினார்.

"நீர் நல்ல மனுசன். ஆரோ உம்மட்டைச் சொல்லியிருக்கினம், நான் கவலையா இருக்கிறனெண்டு. அதுக்காக இப்பிடியெல்லாம் சொல்லவேண்டாம்."

"இல்லை அண்ணை, சத்தியமா. நீங்கள் சொன்னதுதான் சரி."

"விடும். முதல்ல எனக்கும் ஏலாமத்தான் இருந்தது. பிறகு யோசிச்சன். எல்லாரும் பிழையா இருக்கேலுமோ? அண்டைக்கு எனக்கு நேரமும் விளங்கேல்லை, இடமும் விளங்கேல்லை. நானே ஒத்துக்கொண்டிட்டன். இப்ப வந்து கிளறாதையும்."

"அண்ணை, ஆறு ஏறினது. நானும் நனைஞ்சனான்."

"மழையில்லாமல் ஆறு பெருகுமோ, மாஸ்டர்? நீரே சொன்னனீர்."

அதன்மேல் நான் என்ன சொன்னாலும் அவர் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். ஒரு குழந்தையின் தவறை மன்னிக்கும் புன்னகை அது. என் பொய்யை அவர் நம்பவில்லை என்ற நினைப்பில்தான் இரண்டு வருடம் வெட்கப்பட்டேன். அவர் நம்பிவிட்டார் என்பது அதனிலும் கொடிது. தம் கண்ணையும் காதையும் கைவிட்டு என் சொல்லை வைத்துக்கொண்டார்.

வெளியே நடைவழியில் மகள் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அங்கிள்."

"ஓம் பிள்ளை."

"ஏன் சொல்லேல்லை?"

"வெக்கம்."

அவர் என்னை வாசல்வரை அழைத்து வந்தார். "அந்த வீட்டில இப்ப ஆக்கள் இருக்கினம். உடன எழுப்பேலாது. அப்பாவும் முந்தின அப்பா இல்லை. இது உங்களால வந்ததோ, வயசால வந்ததோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." பிறகு கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "எழுதித் தாங்கோ. நடந்ததை நடந்த மாதிரி. நான் டொக்டரிட்டக் காட்டுறன். அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுறன். வாயால சொன்னா அவர் நம்பமாட்டார்."

அதனால்தான் இதை எழுதினேன். ஒரு பிரதியை மகளுக்கு அனுப்பிவிட்டேன். கையை விட்டதும் அதில் இருக்கிறது. அவர் அதை வாசித்துக் காட்டினாரா, அண்ணை என்ன சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியவரவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை, ஆகையால் கேட்கவில்லை.

மற்றப் பிரதி இது. ஒன்றுகூடலில் என் உரையைக் கேட்டவர்களும், கடைகளில் அந்த ஒரு சொல்லைக் கேட்டவர்களும், அவருடைய பேரப்பிள்ளைகளும் இனி எப்போதாவது இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காக மீண்டும் ஒருமுறை தெளிவாக எழுதுகிறேன். அன்று மழை பெய்யவில்லை. ஆறு பெருகியது. அவர் கண்டது உண்மை. அவர் அறிவு தெளிவாக இருந்தது. பிழை என்னுடையது.

இந்த எழுத்தை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.